எந்தக் கட்டடத்துக்கு எந்த அறிவியல்?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரொட்டண்டா என்றொரு குவிமாடக் கட்டடம் இருக்கிறது. அந்த நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் தம் கடைசிக் காலத்தில் வரைந்து எழுப்பியது. 1895இல் தீப்பிடித்து உள்ளெல்லாம் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, பலமுறை செப்பனிடப்பட்டது. கடைசியாக நடந்த பெரிய புதுப்பிப்பின்போது, 2015இல், தரைத்தளச் சுவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் சுவருக்குள் ஒரு வேதியியல் அடுப்பைக் கண்டார்கள். முதல் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரான ஜான் எம்மெட் மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்த இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாரோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்ததால்தான் தீவிபத்திலும் தப்பி, நூற்றறுபது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது.

ஜெஃபர்சன் பெயர் இருந்ததால் செய்தி உலகமெல்லாம் போனது. எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது அடுப்பைவிட அதைச் சுற்றியிருந்த காற்றுவழி. விறகுக்கு ஒன்று, கரிக்கு ஒன்று என இரண்டு தீக்குழிகள். தரைக்கடியில் செங்கல் சுரங்கம் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். புகையும் நெடியும் சுவருக்குள் ஓடும் புகைக்கூண்டுகள் வழியாக மேலே ஏறி வெளியேறும். மின்விசிறி என்ற ஒன்று இல்லாத காலம். சூடான காற்று இலேசானது, அது தானே மேலே போகும், போகிற வேகத்தில் கீழேயிருந்து புதுக்காற்றை இழுக்கும் என்ற ஒரே விதியை நம்பிக் கட்டியிருக்கிறார்கள். உலையும் அடுப்பும் சாதாரண வகுப்பறையில் ஆகாது, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர் ஜெஃபர்சனே.

இருநூறு ஆண்டுக்குப் பிறகும் சங்கதி மாறவில்லை. பழைய அறிவியல் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால், வெளியே இருப்பவர்களுக்கு முகப்பும் தூண்களும் மரப்படிக்கட்டும்தான் கண்ணில் படும். உள்ளே வேலை செய்யும் பொறியாளருக்கு முதல் கேள்வி காற்று. எவ்வளவு காற்று வேண்டும், அது எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும். இதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றைப் பேசலாம். விடை கிடைக்காவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் அந்தக் கட்டடத்தில் வேதியியல் நடக்காது.

ஏன் இவ்வளவு காற்று? கல்லூரி வேதியியல் கூடத்தில் ஃப்யூம் ஹூட் என்று ஒரு கண்ணாடிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அமிலப்புகை, கரைப்பான் ஆவி வரும் வேலைகளை அதற்குள் செய்வார்கள். முன்கண்ணாடியை மேலே தூக்கிக் கையை உள்ளே விட வேண்டும். அந்த வாயில் வழியாகக் காற்று வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆவி முகத்துக்கு வராது. வேகம் குறைந்தால் ஆவி வெளியே கசியும். ரொம்பக் கூடினாலும் சுழல் உண்டாகிக் கசியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வாயில் ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் சதுர மீட்டர். அரை மீட்டர் வேகத்தில் பெருக்கினால் வினாடிக்கு 0.375 கன மீட்டர் காற்று. ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் ஒரே ஒரு கூண்டு நான்கு நிமிடத்தில் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். தள்ளிய காற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, அதில் நஞ்சு இருக்கிறது. அதே அளவு வெளிக்காற்றைக் குளிரூட்டியோ சூடாக்கியோ உள்ளே விட வேண்டும், இரவும் பகலும். ஒரு கூண்டு மூன்று வீடுகளுக்கும் மேலாக ஆற்றல் தின்கிறது என்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் கணக்கிட்டார்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியை இறக்கிவிடுங்கள் என்று பல பல்கலைக்கழகங்கள் ஸ்டிக்கர் ஒட்டி மன்றாடுவது இதனால்தான்.

கணக்கை இன்னும் ஒரு படி நீட்டினால் கட்டடத்தின் தலையெழுத்து தெரிந்துவிடும். பத்துக் கூண்டுகள் என்றால் வினாடிக்கு 3.75 கன மீட்டர். டக்ட் எனும் காற்றுக்குழாய்க்குள் வினாடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் அரைச் சதுர மீட்டர் குறுக்குப்பரப்பு வேண்டும். அதாவது எழுபது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தகரப்பெட்டி கூரைக்கடியில் ஓட வேண்டும். அது வெளியேற்றத்துக்கு. உள்ளே வரும் காற்றுக்கு இன்னொன்று. தரைக்குத் தரை மூன்றரை மீட்டர் உயரமுள்ள 1960களின் கான்கிரீட் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளமும் உத்தரமும் சேர்ந்து அறுபது சென்டிமீட்டர், டக்ட் எழுபது, அதற்கடியில் மின்கம்பித் தட்டு, தண்ணீர்க் குழாய், விளக்கு என்று முப்பது. மிச்சம் ஒரு மீட்டர் தொண்ணூறு. உயரமான மாணவர் தொப்பி போட முடியாது. இன்றைய புதிய ஆய்வுக்கட்டடங்கள் தரைக்குத் தரை நாலரை மீட்டர் போல வைத்துக்கொள்வது ஆடம்பரத்துக்கு அல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூற்றைம்பது வயதான கட்டடத்தைவிட அறுபது வயதான கட்டடத்தைப் புதுப்பிப்பதே பெரும்பாலும் கடினம். மின்விளக்கும் ஏசியும் இல்லாத காலத்தில் கட்டியவர்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வேண்டிக் கூரையை உயர்த்தினார்கள், சன்னலை நீட்டினார்கள், சுவருக்குள் காற்றுக்கூண்டுகளை விட்டார்கள். அந்த உயரம்தான் இன்று டக்டுக்கு இடம் தருகிறது. அடைபட்ட பழைய காற்றுக்கூண்டுக்குள்ளேயே புதுக் குழாயை இறக்கிவிடும் வாய்ப்பும் சில இடங்களில் கிடைக்கும். சிக்கனம் பார்த்துக் கட்டிய, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கட்டடங்களில் அந்த உபரி கிடையாது. அன்றைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் அளந்து கட்டியவை அவை.

காற்றுப் பிரச்சினையை நேருக்கு நேர் எதிர்கொண்டு, அதையே அழகாக மாற்றிய ஒரு கட்டடம் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸின் பெயர் தாங்கியது. இரண்டாம் உலகப்போரில் பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வைத்ததில் அவருக்குப் பங்குண்டு. கட்டடத்தை வரைந்தவர் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம், டாக்கா நாடாளுமன்றம் இரண்டையும் வரைந்த அதே கான். 1957இல் பணி கைக்கு வந்தபோது அவர் அவ்வளவாகப் பெயர் பெறாதவர். 1960இல் முதல் கோபுரங்கள் முடிந்தன. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்காகவே தனிக் கண்காட்சி வைத்தது.

குழாய்களையும் டக்டுகளையும் மனமார வெறுப்பதாகச் சொன்னவர் கான். வெறுப்பதால்தான் அவற்றுக்கு முறையான இடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவை உள்ளே புகுந்து கட்டடத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் வாதம். எனவே கட்டடத்தை இரண்டு வகையாகப் பிரித்தார். மனிதர் வேலை செய்யும் இடங்கள் ஒரு பக்கம், அவற்றுக்கு ஊழியம் செய்யும் இடங்கள் இன்னொரு பக்கம். எட்டு மாடி ஆய்வுக் கோபுரங்கள் ஒவ்வொன்றும் பதினான்கு மீட்டர் போலச் சதுரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தூண்கள் பக்கத்துக்கு இரண்டாக எட்டு, எல்லாம் வெளி விளிம்பில். படிக்கட்டும் நச்சுக்காற்றுக் கூண்டுகளும் கோபுரத்துக்கு வெளியே செங்கல் தண்டுகளாக ஒட்டி நின்று கூரையையும் தாண்டி எழும். விலங்குக் கூடமும் இயந்திரங்களும் உள்ள நடுக் கோபுரத்தின் முதுகில் நான்கு பெரிய கூண்டுகள் தரைக்கு அருகிலிருந்து புதுக்காற்றை இழுக்கும். நச்சுக்காற்று உச்சியில் வெளியேற, நல்ல காற்று அடியில் உள்ளே வரும். இரண்டும் கலக்கக் கூடாது. வெளியேற்றிய புகையையே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் கட்டடங்கள் இன்றைக்கும் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இந்த முன்யோசனையின் அருமை புரியும்.

தளங்களைத் தாங்கும் உத்தரங்களில்தான் கானின் பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட் கைவரிசை காட்டினார். பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் ஃபீரண்டீல் பெயரால் வழங்கும் ஒரு வகைச் சட்டகம் அது. ஏணியைப் பக்கவாட்டில் கிடத்தியது போல இருக்கும். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவில் நிமிர்ந்த குச்சிகள். பாலங்களில் பார்க்கும் சாய்வுக் கம்பிகள் இதில் கிடையாது. சாய்வு இல்லாததால் நடுவிலுள்ள சதுர ஓட்டைகள் வழியாக டக்டும் குழாயும் தாராளமாக நுழைந்து போகலாம். சாய்வு தாங்க வேண்டிய விசையை மூலைச் சந்திப்புகள் தாங்க வேண்டும், ஆகவே அந்த மூலைகள் தடிமனாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். கான்கிரீட் துண்டுகளை ஆலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தி, உள்ளே கம்பியை இழுத்து இறுக்கினார்கள்.

கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். உள்ளே குடியேறிய விஞ்ஞானிகள் திட்டினார்கள். மூலைச் சன்னல்கள் வழியாக வெயில் நேராக மேசையில் விழுந்தது. கண் கூசாமலிருக்க அலுமினியத் தாளையும் காகிதத்தையும் கண்ணாடியில் ஒட்டினார்கள். மூடாத கூரையில் ஓடிய குழாய்கள்மேல் தூசி படிந்து கீழே விழுந்தது. நடுத்தூண் இல்லாத பரந்த அறையில் எல்லாரும் கலந்து வேலை செய்வார்கள் என்று கான் கனவு கண்டார். அவர்களோ ஆளுக்கொரு தடுப்புச்சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பத்தாண்டு இருபதாண்டு போனபின் கருவிகள் பெருகி, கூண்டுகள் பெருகி, முன்பு அளந்து விட்ட சதுர ஓட்டைகள் போதாமல் போயின. எங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் குழாயைத் தொங்கவிட்டார்கள்.

கான் அந்தத் திட்டுகளைக் காதில் வாங்கினார் என்று நினைக்கிறேன். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் 1959இன் இறுதியில் ஃபிலடெல்ஃபியா வந்து அவரைச் சந்தித்தார். அதன் பலனாகக் கலிஃபோர்னியாவில் 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தில், ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளம் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். ஆள் நின்றபடி நடந்து போய்க் குழாயை மாற்றலாம். கீழே ஆராய்ச்சி நிற்க வேண்டியதில்லை. சால்க் இன்றும் உயிரியல் ஆய்வுக்கூடமாகவே நடப்பதற்கு அந்த இடைத்தளம் ஒரு முக்கியமான காரணம்.

ரிச்சர்ட்ஸுக்கு அந்த வசதி இல்லை. 2009இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இனி இடிக்கவோ முகத்தை மாற்றவோ மனம் வராது. ஆனால் நவீன உயிர்வேதியியலுக்கு வேண்டிய காற்றை அந்த ஓட்டைகள் வழியாக அனுப்பவும் முடியாது. பல்கலைக்கழகம் எடுத்த முடிவைத்தான் இந்தத் துறையின் மிகப் புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். கட்டடத்தை அறிவியலுக்குப் பொருத்துவதை விட்டுவிட்டு, கட்டடத்துக்குப் பொருந்தும் அறிவியலைத் தேடினார்கள். மூளை எப்படிக் காண்கிறது, எப்படி முடிவெடுக்கிறது என்று கணினி வழியாக ஆராய்பவர்களுக்கு அமிலப்புகைக் கூண்டு வேண்டாம். மேசை, திரை, பேசிக்கொள்ள இடம் போதும். இதை உலர் ஆய்வுக்கூடம் என்பார்கள். 2010களில் நடந்த புதுப்பிப்பில், ரசாயனங்களோடு வேலை செய்யும் ஈர ஆய்வுக்கூடங்கள் போய் உலர் கூடங்கள் வந்தன. ஐம்பதாண்டுக் குழாய்க்காடு இறங்கியதும், கோமெண்டன்டின் உத்தரங்கள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. தடுப்புகள் குறைந்ததால் கான் கேட்ட பரந்த அறையும் கிடைத்தது. பழைய ஒற்றைக் கண்ணாடியை எடுத்து, நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். அலுமினியத் தாளுக்கு இனி வேலையில்லை.

உலர் கூடம் ஏன் குறைந்த இடத்தில் அடங்குகிறது என்பதற்கும் இயற்பியல் உண்டு. அறையின் காற்று இரண்டு வேலை செய்கிறது: நஞ்சை அகற்றுவது, வெப்பத்தை அகற்றுவது. நஞ்சு இல்லையென்றால் ஆட்கள் மூச்சுவிடப் போதுமான புதுக்காற்று மட்டும் போதும், அது கொஞ்சம்தான். வெப்பத்தைக் காற்று சுமக்க வேண்டிய கட்டாயமில்லை, தண்ணீர் சுமக்கலாம். ஒரே கொள்ளளவில் தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தாங்கும். ஐந்து கிலோவாட் வெப்பம் உண்டாகும் அறைக்குக் காற்றை நம்பினால் முப்பது சென்டிமீட்டர் சதுர டக்ட் வேண்டும். தண்ணீரை நம்பினால் இரண்டு சென்டிமீட்டர் குழாய் போதும். பழைய கட்டடங்களில் இப்போது கூரையில் குளிர்நீர் ஓடும் தட்டுகளை மாட்டுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் சென்னை போன்ற ஊரில் இதை அப்படியே பின்பற்றினால் கூரை வியர்த்துத் தலையில் சொட்டும். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் இருபத்துநான்கு, இருபத்தைந்து டிகிரியிலேயே நீராகப் படிந்துவிடும். அங்கே ஓடுவது அதைவிடக் குளிர்ந்த நீர். முதலில் ஈரத்தை வடிகட்டிய காற்றை உள்ளே விட்டு, சன்னல்களையும் இறுக மூட வேண்டும்.

கானின் அகமதாபாத் கட்டடங்களில் கதை வேறுமாதிரி போயிற்று. 2020 டிசம்பரில் ஐஐஎம் நிர்வாகம் கான் கட்டிய பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடிக்கப்போவதாக அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு வந்ததும் சில நாளில் பின்வாங்கியது. இரண்டாண்டு கழித்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. செங்கல் சிதைவது உண்மை, மழைக்கசிவும் உண்மை. ஆனாலும், இந்தக் கட்டடம் வேறு எதற்குப் பயன்படும் என்ற கேள்வியை முழுதாகக் கேட்டுப் பார்த்தார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காற்றுக்கு அடுத்தபடியாகத் தூக்கத்தைக் கெடுப்பது சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளிந்திருப்பவை. அறிவியல் கட்டடத்துக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. பழைய பள்ளியைப் பிரித்தால் கரையான் வரும். பழைய இயற்பியல் கூடத்தைப் பிரித்தால் ரேடியம் வரலாம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1900இல் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். 1907இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட் அங்கே பேராசிரியராக வந்தார். அவரோடு பணியாற்றிய கைகரும் மார்ஸ்டெனும் தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தி, சில பின்னோக்கித் திரும்பி வருவதைக் கண்டது அந்தக் கூடத்தில்தான். அணுக்கரு என்று ஒன்று உண்டு என்பதை ரூதர்ஃபோர்ட் 1911இல் அறிவித்ததும் அங்கிருந்துதான். 1919இல் அவர் கேம்பிரிட்ஜ் போய்விட்டார். 1967இல் இயற்பியல் துறையும் வேறு கட்டடத்துக்கு மாறியது. காலியான அறைகளுக்குப் பிற்பாடு உளவியல் துறை வந்தது. பல ஆண்டுகள் கழித்துச் செப்பனிடும்போது சில அறைகளில் கதிரியக்கக் கசடும் தரைப்பலகைக்கடியில் பாதரசமும் இருப்பது தெரிந்தது. அங்கே பணியாற்றிய சிலர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். பீதி கிளம்பியது. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த தொழில்சார் மருத்துவ நிபுணர் டேவிட் காகன் தனியாக ஆராய்ந்து 2009இல் அறிக்கை தந்தார். நோய்க்கும் கசடுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை, தற்செயலாகச் சேர்ந்து நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு.

நூறாண்டு கழித்தும் ரேடியம் ஏன் போகவில்லை? அதன் அரைவாழ்வு 1,600 ஆண்டு. ரூதர்ஃபோர்ட் காலத்தில் தரையில் சிந்திய துளியில் இன்றுவரை ஐந்து சதவீதம் போலத்தான் குறைந்திருக்கும். அதிலிருந்து ரேடான் என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். மூடாத குடுவையிலிருந்து கிளம்பிய ரேடான் நான்கு நாளுக்குள் பாதியாகச் சிதைந்து, கடைசியில் கதிரியக்க ஈயமாகச் சுவரிலும் கூரையிலும் படியும். அந்த ஈயத்தின் அரைவாழ்வு 22 ஆண்டுதான். ஆகவே அன்று காற்றில் பரவிச் சுவரில் ஒட்டியதில் பெரும்பகுதி தானே அழிந்துவிட்டது. நேராகச் சிந்தியது மட்டும் அழியவில்லை. ஒரே அறைக்குள் இரண்டு விதமான கடிகாரங்கள். எங்கே தோண்ட வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுக்கப் பழைய தரைவரைபடங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டி, எந்த அறையில் யார் என்ன செய்தார் என்று தேட வேண்டியிருக்கிறது. அறிவியல் வரலாறு படித்தவருக்குக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். பெயின்ட் பூச்சுக்கடியில் இருக்கும்வரை அந்தக் கசடு பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. உளிவைத்துக் கொத்தும்போதும் சுரண்டும்போதும்தான் தூசியாகி நுரையீரலுக்குள் போகிறது. பழைய குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான், ஃப்யூம் ஹூட்டின் உட்பலகையில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான். ஆபத்தை விழிக்க வைப்பதே புதுப்பிப்பு. அதனால் முதல் ஆறுமாதம் எதையும் இடிக்காமல் அளந்துகொண்டே இருந்தால் குறை சொல்லக்கூடாது.

பாதரசம் மட்டும் இந்த விதிக்கு அடங்காது. அந்தக் காலத்து வெற்றிட பம்புகள் பாதரசத்தால் ஓடியவை, உடைந்த வெப்பமானிகளுக்குக் கணக்கே கிடையாது. சிந்திய மணிகள் பலகை இடுக்கில் உருண்டு போய்விடும், யாரும் தொடாமலே ஆவியாகிக்கொண்டிருக்கும். இருபது டிகிரியில் மூடிய அறையில் பாதரச ஆவி நிறைவு நிலையை அடைந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 14 மில்லிகிராம் வரை இருக்கும். நாள்முழுதும் வேலை செய்யும் இடத்துக்குப் பாதுகாப்பு எல்லை 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்குக்கு மேல். நல்லவேளையாக, காற்றோட்டமுள்ள அறை அந்த நிலையை எட்டுவதில்லை. புதுப்பிப்பு என்ற பெயரில் இடுக்கெல்லாம் அடைத்துக் காற்றுப்புகாமல் செய்துவிட்டால்தான் சிக்கல்.

பெர்க்ளோரிக் அமிலம் பயன்படுத்திய பழைய டக்டுகள் இன்னொரு வகை. அதன் ஆவி உள்ளே உலர்ந்து வெடிக்கக்கூடிய உப்பாகப் படிந்திருக்கும். தண்ணீர்விட்டுக் கழுவாமல் சுத்தியலால் தட்டக் கூடாது. தெரியாமல் தட்டியவர்களின் கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

அதிர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தரை வினாடிக்குச் சில மைக்ரோமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. சாதாரண அலுவலகத் தரை அதைப்போலப் பல மடங்கு ஆடும், நமக்குத் தெரியாது. பழைய கட்டடத்தின் மேல்மாடி மரத்தளத்தில் நுண்ணோக்கியை வைக்க முயன்று பணத்தைக் கரைப்பதைவிட, மண்ணில் உட்கார்ந்திருக்கும் தரைத்தளத்தில் தனி அடித்தளம் போட்டு வைப்பது மேல். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம் இடநெருக்கடியால் 1974இல் நகர நடுவிலிருந்த தன் நூறாண்டுக் கட்டடத்தை விட்டு ஊரோரம் போய்விட்டது. ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்ட அந்த வீட்டில் இப்போது வேறு துறைகள் இருக்கின்றன. அதுவும் ஒரு விடைதான்.

ஆராய்ச்சி போன பிறகும் கற்பித்தல் தங்கலாம். பழைய அறிவியல் கட்டடங்களின் அருமையான பகுதி பெரும்பாலும் படிப்படியாக ஏறும் சொற்பொழிவுக் கூடம். கீழே நீளமான செயல்விளக்க மேசை, அதில் தண்ணீரும் எரிவாயுவும், பின்னால் கரும்பலகை. இன்றைய ஆசிரியர்கள் வேறு கேட்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பீச்னர் தொடங்கிவைத்த முறையில் தட்டையான தரையில் வட்ட மேசைகள் இருக்கும், மேசைக்கு ஒன்பது மாணவர், மூன்று மூன்றாகப் பிரிந்து கணக்குப் போடுவார்கள், ஆசிரியர் நடுவில் சுற்றுவார். எம்ஐடியும் இதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. முறை நல்லதுதான். படிக்கட்டுக் கூடத்தை உடைத்துத் தட்டையாக்குவது நல்லதா என்பது வேறு விஷயம். அதே இடத்தில் பாதிப்பேர்தான் உட்காரலாம், செலவும் கூடும். நடுவழி ஒன்று உண்டு: ஒரு படியை அகலப்படுத்தி அதில் இரண்டு வரிசை போடுவது. முன்வரிசைக்காரர் நாற்காலியைத் திருப்பினால் பின்வரிசைக்காரரோடு குழுவாகிவிடலாம். முன்பக்கம் திரும்பினால் மறுபடி சொற்பொழிவு. பழைய மரச்சாய்வும் தப்பிக்கும், கூரை விதானமும் தப்பிக்கும்.

ஆனால் இந்தத் திட்ட வரைபடங்களில் முதலில் வெட்டுப்படுவது கூடத்துக்குப் பின்னாலிருக்கும் ஆயத்த அறை. சின்ன அறை, சன்னல் இல்லாதது, பெயர்ப்பலகைகூட இராது. மூன்று மணி வகுப்புக்கான சோதனையை உதவியாளர் காலையிலேயே அங்கே கோத்து வைத்து, தள்ளுவண்டியில் அப்படியே உருட்டிக்கொண்டு வருவார். அதை எடுத்துவிட்டுக் கழிப்பறையோ சர்வர் அறையோ போட்டால், ஆசிரியர் சோதனை செய்துகாட்டுவதை நிறுத்திவிட்டு வீடியோ போடத் தொடங்குவார். கட்டடக் குழுவில் இடமிருந்தால் நான் கேட்பது இரண்டே: அந்த அறையை விட்டுவையுங்கள், அதற்கும் கூடத்துக்கும் இடையே வாசற்படி வைக்காமல் வண்டி நுழையும் அகலத்துக்குக் கதவு போடுங்கள்.